வீழ்ந்த தலைவர்களுக்காக ஜெபிப்பதும் மன்னிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுவாழ்வில் பெயர்பெற்ற ஒருவருடைய பாவம் வெளியே வரும்போதெல்லாம், அவர் அரசியல் தலைவராக இருந்தாலும் போதகராக இருந்தாலும், ஜெபக் குழுக்களில் ஒரே விதமான ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, வேதாகமத்திலிருந்தும் திருச்சபையின் வரலாற்றிலிருந்தும் பதில் தர முயன்றிருக்கிறேன். சபைப் பிரிவுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் அதையும் குறித்திருக்கிறேன்.

எல்லாரும் காறித் துப்புகிற ஒரு மனிதருக்காக நான் ஏன் ஜெபிக்க வேண்டும்?

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், எல்லா மனுஷருக்காகவும், குறிப்பாக ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம் செய்யச் சொல்கிறது. அவர்கள் நல்லவர்களாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. பதவியில் இருந்தவரை ஒருவருடைய பெயரை ஆராதனையில் சொல்லி ஜெபித்துவிட்டு, அவர் விழுந்த மறுவாரமே அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. அப்படியானால் அதுவரை நாம் ஜெபித்தது அந்த மனிதருக்காகவா, அவருடைய பதவிக்காகவா?

இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுலைத் தேவன் தள்ளிவிட்டார் என்பதை அவன் முகத்துக்கு நேரே சொன்னவர் தீர்க்கதரிசியாகிய சாமுவேல். அதைச் சொல்லப் போவதற்கு முந்தின இரவு முழுவதும் அவர் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார். சொல்லி முடித்துப் பிரிந்த பிறகும் சவுலுக்காகத் துக்கித்துக்கொண்டிருந்தார். கண்டிப்பும் கண்ணீரும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்கு 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஜெபித்தால், அவர் செய்ததை நான் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாதா?

ஆகாது. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று சிலுவையில் இயேசு ஜெபித்தபோது, தம்மை ஆணியறைந்தவர்கள் செய்தது சரியென்று அவர் சொல்லவில்லை. மன்னிப்பு தேவைப்படும் செயல் அது என்பதையே அந்த ஜெபம் அறிவித்தது. குற்றமே இல்லாதவருக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே ஒருவருக்காகப் பாவமன்னிப்பு வேண்டி ஜெபிக்கிறவர், அவர் செய்தது பாவம் என்று முதலில் ஒப்புக்கொண்டுதான் ஜெபிக்கிறார்.

"அவருக்கு இருந்த அழுத்தத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்" என்று சொல்வது ஜெபமும் அன்று, மன்னிப்பும் அன்று. அது சாக்குச் சொல்வது.

அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, நான் எப்படி அவரை மன்னிப்பது?

இங்கே உள்ள கேள்விகள் அனைத்திலும் முக்கியமானது இதுதான் என்று கருதுகிறேன். ஒரு தலைவர் தம் உதவியாளரிடம் முறைகேடாக நடந்திருந்தால், அந்தக் குற்றத்தை மன்னிக்கும் உரிமை தேவனுக்கும் அந்த உதவியாளருக்கும் உரியது. செய்தியைப் படித்துவிட்டு, "நான் கிறிஸ்தவன், ஆகவே அவரை மன்னித்துவிட்டேன்" என்று தூரத்திலிருந்து அறிவிக்கிறவர், தமக்குச் சேராத கடனைத் தாமே தள்ளுபடி செய்கிறார். கேட்பவர்களுக்கு அது பெருந்தன்மையாகத் தோன்றலாம். காயப்பட்டவருக்கோ, தம் காயத்தின் மீது வேறொருவர் கையெழுத்துப் போட்டதுபோல் இருக்கும்.

ஆயினும் பார்வையாளராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. அவரை நம்பி வாக்களித்தவர்கள், அவருடைய ஊழியத்துக்குக் காணிக்கை கொடுத்தவர்கள், அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுத் தங்கள் வாழ்க்கையைத் திருத்திக்கொண்டவர்கள் எல்லாருமே ஏதோ ஓர் அளவில் ஏமாற்றப்பட்டவர்கள். நமக்கு நேர்ந்த அந்த நம்பிக்கைத் துரோகத்தை நாம் மன்னிக்கலாம், மன்னிக்கவும் வேண்டும். அதற்கு அப்பால் உள்ளதில் நம் கடமை ஜெபம் மட்டுமே.

"தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்" என்று ஐம்பத்தொன்றாம் சங்கீதத்தில் தாவீது சொல்வதைக் காட்டி, மன்னிப்பு தேவனுக்கும் பாவிக்கும் இடையே மட்டும் நடக்கும் காரியம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதே சங்கீதத்தின் தலைப்பு, உரியாவின் மனைவியாகிய பத்சேபாளிடத்தில் தாவீது செய்த பாவத்தை நினைவூட்டுகிறது. தீர்க்கதரிசியாகிய நாத்தான் தாவீதிடம் வந்து பேசியபோது, ஏத்தியனாகிய உரியாவைப் பட்டயத்தால் மடிவித்தாய் என்று பெயர் சொல்லியே குற்றம் சாட்டினார். பாதிக்கப்பட்டவரின் பெயரைத் தேவன் விட்டுவிடவில்லை.

அவர் மன்னிப்பே கேட்கவில்லை. அப்போதும் மன்னிக்க வேண்டுமா?

இதில் கிறிஸ்தவர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. உன் சகோதரன் மனஸ்தாபப்பட்டால் அவனுக்கு மன்னிப்பாயாக என்று லூக்கா 17:3 கூறுவதால், மனந்திரும்புதல் இல்லாத இடத்தில் மன்னிப்பு நிறைவேறாது என்பது ஒன்று. ஜெபம்பண்ண நிற்கும்போது ஒருவன்மேல் குறை இருந்தால் மன்னியுங்கள் என்று மாற்கு 11:25 எந்த நிபந்தனையும் இல்லாமல் கூறுவதால், மன்னிப்பு காத்திருக்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று.

இரண்டையும் சேர்த்து வாசிப்பதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. பழிவாங்கும் எண்ணத்தைத் தேவனுடைய கையில் ஒப்படைப்பது எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்; அதற்குக் குற்றவாளியின் ஒத்துழைப்புத் தேவையில்லை. உறவு மீண்டும் பொருந்துவதற்கோ இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தம் தவற்றை மறுத்துக்கொண்டே இருக்கும்வரை, மற்றவர் எவ்வளவு முயன்றாலும் ஒப்புரவு நடக்காது. நடக்காததற்குக் காயப்பட்டவரைக் குறைசொல்வது நியாயமும் அன்று.

மன்னித்துவிட்டோம் என்றால் வழக்கு எதற்கு, தண்டனை எதற்கு?

ரோமர் 12ஆம் அதிகாரத்தின் இறுதியில் பழிவாங்காதிருங்கள் என்று எழுதிய பவுல், அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தீமை செய்கிறவன்மேல் நீதி செலுத்தும் பொறுப்பை அதிகாரத்துக்குக் கொடுக்கிறார். தனிமனிதர் விட்டுவிட வேண்டியதை நீதிமன்றம் கையில் எடுக்க வேண்டும் என்பதே இந்த இரண்டு பகுதிகளின் தொடர்ச்சி.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராகப் புகழ்பெற்றிருந்த லாரி நாசர்மீது முதன்முதலில் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியவர் ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற கிறிஸ்தவப் பெண். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் அவர் நாசரை நேருக்கு நேர் நோக்கி, தாம் அவரை மன்னிப்பதாகவும், அதைவிடத் தேவனுடைய மன்னிப்பே அவருக்கு அதிகம் தேவை என்றும் கூறினார். குற்றவுணர்வின் முழுப் பாரமும் அவர்மேல் இறங்க வேண்டும், அப்போதுதான் அவர் உண்மையாக மனந்திரும்புவார் என்பது அவருடைய ஜெபம். அதே உரையில், சட்டம் அனுமதிக்கும் மிக உயர்ந்த தண்டனையை வழங்குமாறு நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். அன்று விதிக்கப்பட்ட தண்டனை 40 முதல் 175 ஆண்டுகள். மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று தடுக்கவில்லை என்பதை, அதைச் சொல்லும் உரிமை உள்ள ஒருவரே அங்கே சொல்லிக் காட்டினார்.

போப் இரண்டாம் ஜான் பால் தம்மை 1981 மே 13 அன்று சுட்ட மெஹ்மெத் அலி அஜாவை நான்கே நாட்களில் மன்னித்து, அவருக்காக ஜெபிக்கும்படி மக்களைக் கேட்டார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று சந்தித்தார். அஜா இத்தாலியச் சிறையிலிருந்து வெளியேறியது 2000இல், அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் பொதுமன்னிப்பால்தான்.

பாதிக்கப்பட்டவரிடம், "நீ கிறிஸ்தவள்தானே, மன்னித்துவிடு" என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. மன்னிப்பைக் கட்டளையிட்டவர் கிறிஸ்து. அதைப் பிறர்மேல் வற்புறுத்தும் அதிகாரத்தை, சபையின் பெயர் கெட்டுவிடுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு அவர் கொடுக்கவில்லை. ஏழெழுபதுதரம் மன்னிக்கும்படி இயேசு சொன்ன மத்தேயு 18ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுக்கு ஏந்திரக்கல்லைக் கழுத்தில் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவதே நலம் என்ற எச்சரிக்கை அதிகாரத்தின் தொடக்கத்தில் வருகிறது. வழிதப்பிய ஆட்டைத் தேடுவது அதற்குப் பின். குற்றம் செய்த சகோதரனைத் தனியாகவும், சாட்சிகளோடும், பிறகு சபையின் முன்னும் கண்டிக்கும் முறை அதற்கும் பின். இவை எல்லாம் முடிந்த பிறகே பேதுரு, எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்கிறார். முதல் மூன்றையும் செய்யாத சபை, நான்காவதை மட்டும் பாதிக்கப்பட்டவரின் தலையில் வைக்கும்போது அந்த அதிகாரத்தையே தலைகீழாக்குகிறது.

அவரோடு உட்கார்ந்து கேளுங்கள். மன்னிப்பைப் பற்றி அவரே பேச்செடுத்தால் பேசுங்கள், எடுக்காவிட்டால் காத்திருங்கள்.

மேடையில் அழுது மன்னிப்புக் கேட்டாரே, அது உண்மையான மனந்திரும்புதலா என்று எப்படி அறிவது?

இருதயத்தைத் தேவன் மட்டுமே அறிவார். இருந்தாலும் வேதாகமம் நமக்குச் சில அடையாளங்களைத் தருகிறது. சவுலும் "நான் பாவஞ்செய்தேன்" என்றான். தாவீதும் அதையே சொன்னான். சவுல் அதைச் சொன்ன மூச்சிலேயே, மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனப்படுத்தும்படி சாமுவேலிடம் கேட்டுக்கொண்டான். தாவீது நாத்தானிடம் எதையும் கேட்கவில்லை. ஆகவே, அறிக்கைக்குப் பின் அந்த மனிதர் எதைக் கேட்கிறார் என்று பாருங்கள். தம் கௌரவத்தை விரைவில் மீட்டுத் தரும்படி கேட்கிறாரா, அல்லது விசாரணைக்குத் தம்மை முழுமையாக ஒப்படைக்கிறாரா?

வரி வசூலிப்பவனாகிய சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகவும் சொன்னான். ஆட்டைத் திருடி அதைக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ நியாயப்பிரமாணம் விதித்த நான்கு மடங்கைத் தானே முன்வந்து தன்மேல் விதித்துக்கொண்டான். "யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்ற வகையான அறிக்கைகளில் செயலும் இல்லை, செய்தவரும் இல்லை, ஈடுசெய்வதும் இல்லை. வாட்டர்கேட் அரசியல் முறைகேட்டின் காலத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனின் நெருங்கிய ஆலோசகராக இருந்த சார்லஸ் கோல்சன், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்த பின் 1974இல் நீதிக்கு இடையூறு செய்த குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு ஏழு மாதங்கள் சிறையில் இருந்தார். சிறைக்குப் போகுமுன் அவருடைய மனமாற்றத்தைப் பலர் நம்பவில்லை. 1976இல் அவர் தொடங்கிய சிறை ஊழியத்திலேயே 2012இல் இறக்கும்வரை அவர் உழைத்ததுதான் அந்த ஐயத்துக்குப் பதிலாக நின்றது.

பொதுவில் செய்த குற்றத்துக்கு அறிக்கையும் பொதுவில் வேண்டும் என்பது பழைய வழக்கம். 390இல் தெசலோனிக்காவில் பொதுமக்களைக் கொன்று குவிக்கக் காரணமான பேரரசர் தியோடோசியுஸை, பகிரங்கமாக மனந்திரும்பும்வரை நற்கருணைக்கு அனுமதிக்க மிலான் ஆயர் அம்புரோஸ் மறுத்தார். பேரரசர் பணிந்தார்.

பேதுரு இயேசுவை மறுதலித்தும் மீண்டும் ஊழியத்துக்கு வந்தாரே, இவரையும் பழைய பதவியில் அமர்த்தலாமே?

பேதுரு பயத்தால் விழுந்தார். தம் பொறுப்பில் இருந்தவர்களைத் தம் அதிகாரத்தால் சுரண்டவில்லை. மந்தையின் நம்பிக்கையைப் பயன்படுத்தியே மந்தையைக் காயப்படுத்தியவருக்கு அந்த உதாரணத்தைப் பொருத்துவது சரியன்று என்பது என் துணிபு. சபையை நடத்தும் கண்காணி புறம்பானவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3:7 கூறுகிறது. இரட்சிப்பு கிருபையால் கிடைக்கிறது. பதவி தகுதியால் கிடைக்கிறது. மன்னிப்பு முதலாவதற்குரியது, இரண்டாவதற்கு அது உரிமைச்சீட்டு ஆகாது.

பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராக இருந்த ஜான் புரொஃபியூமோ, நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு 1963இல் பதவி விலகினார். அதன்பின் கிழக்கு லண்டனில் ஏழைகளுக்கு உதவும் டாயன்பி ஹால் என்ற நிறுவனத்தில் எளிய வேலைகளில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொண்டாற்றினார். அரசியலுக்குத் திரும்பவே இல்லை. ஒருவர் மீட்டெடுக்கப்படுவதற்கு மேடையும் ஒலிவாங்கியும் தேவையில்லை என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

அவர் கையால்தான் நான் ஞானஸ்நானம் பெற்றேன். அது செல்லாதா?

செல்லும். 303இல் ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் கிறிஸ்தவர்கள்மேல் தொடங்கிய துன்புறுத்தலில், வேத நூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் பின்னர் செய்த திருநிலைப்படுத்தல் செல்லுமா என்ற கேள்வியால் வட ஆப்பிரிக்கத் திருச்சபை பிளந்தது. செல்லாது என்றவர்கள் தொனாத்தியர்கள். 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிற்பாடு அகுஸ்தீன், ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று விரிவாக வாதிட்டார். உங்கள் விசுவாசம் அந்த மனிதரின் ஒழுக்கத்தில் ஊன்றியிருக்கவில்லை. அவருடைய நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் தொடர்ந்து பரப்பலாமா என்பது வேறு கேள்வி. அவரால் காயப்பட்டவர் அந்தக் குரலைச் சபையில் கேட்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணி முடிவுசெய்யுங்கள்.

குற்றச்சாட்டு இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இப்போது எப்படி ஜெபிப்பது?

உண்மை வெளிப்பட வேண்டும் என்று ஜெபியுங்கள். "கர்த்தாவே, இவருடைய பாவத்தை மன்னியும்" என்று பொதுவில் ஜெபித்தால் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறோம். "உம்முடைய ஊழியரைச் சத்துருவின் தாக்குதலிலிருந்து காத்தருளும்" என்று ஜெபித்தாலும் அதையேதான் செய்கிறோம், எதிர்ப்பக்கமாக. குற்றம் சாட்டிய பெண்ணை அந்த ஒரே வரியில் சத்துருவாக்கியும் விடுகிறோம். அவரும் அதே சபையில் உட்கார்ந்து அந்த ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மூப்பனுக்கு விரோதமான புகாரை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 5:19ஐப் புகாரை மூடிமறைக்கப் பயன்படுத்துகிறவர்கள், அடுத்த இரண்டு வசனங்களையும் வாசிக்க வேண்டும். பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும், எதையும் பட்சபாதத்தோடு செய்யாதிருக்கவும் அவை கட்டளையிடுகின்றன.

ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது, வார்த்தை வரவில்லை. என்ன சொல்லி ஜெபிப்பது?

கோபத்தையே ஜெபமாக்குங்கள். 109ஆம் சங்கீதம் போன்ற கடுமையான விண்ணப்பங்கள் வேதாகமத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சங்கீதக்காரர் தம் சினத்தை எதிரியின் வாசலுக்குக் கொண்டுபோகாமல் தேவனிடம் கொண்டுபோனார். சில நாட்கள் அதுவே போதும். பிறகு இதுபோன்ற எளிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள்:

"கர்த்தாவே, இவரால் காயப்பட்டவர்களை முதலில் நினைத்தருளும். மறைக்கப்பட்டது எதுவும் மறைவிலேயே இருந்துவிடாதபடி செய்யும். எந்தத் தவறும் செய்யாமல் தலைகுனிந்து நிற்கிற இவருடைய குடும்பத்தாரைத் தாங்கும். இவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சாக்குகளை இவரிடமிருந்து எடுத்துப்போட்டு, உண்மையான மனந்திரும்புதலுக்கு இவரை நடத்தும். என்னையும் சோதனைக்குட்படப்பண்ணாமல் தீமையினின்று காத்துக்கொள்ளும்."

குழுவாக ஜெபிக்கும்போது ஓர் எச்சரிக்கை: "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் அவர் செய்தவற்றை விவரமாகச் சொல்லத் தொடங்கினால், அந்தக் கூட்டம் சிறிது நேரத்தில் வம்புப் பேச்சாகிவிடும். பெயர் போதும்.

உண்மையைச் சொன்னால், அவர் விழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அது பாவமா?

எந்த மகிழ்ச்சி என்பதைப் பொறுத்தது. நெடுங்காலம் நம்பப்படாதவர்களின் சொல் கடைசியில் நம்பப்பட்டதே என்ற நிம்மதி நீதியின்மேல் உள்ள பசியிலிருந்து வருகிறது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. "நம் எதிரணித் தலைவர் ஒழிந்தார்" என்ற களிப்பு வேறு. உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே என்று நீதிமொழிகள் 24:17 விலக்குவது அதைத்தான்.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இதே குற்றத்தை நீங்கள் நேசிக்கும் தலைவர் செய்திருந்தால், அவருக்காக எப்படி ஜெபித்திருப்பீர்கள்? நம்மவர் விழுந்தால் கிருபையைப் பற்றியும், மற்றவர் விழுந்தால் நீதியைப் பற்றியும் பேசும் பழக்கம் சபைகளின் சாட்சியை மிகவும் கெடுத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

அவர் இறந்துவிட்டார். இறந்த பிறகுதான் எல்லாம் தெரியவந்தது. இனி யாருக்காக ஜெபிப்பது?

இது கற்பனையான கேள்வி அன்று. உலகெங்கும் அறியப்பட்ட நற்செய்திப் பேச்சாளரான ரவி ஜக்கரியாஸ் 2020 மே மாதம் இறந்தார்; அவர் நிறுவிய அமைப்பே நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்து, அவருடைய பாலியல் முறைகேடுகளை உறுதிசெய்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு வாழும் லார்ஷ் சமூகங்களைத் தொடங்கிய ஜான் வானியே 2019இல் இறந்தார். அடுத்த ஆண்டு அந்த அமைப்பே வெளியிட்ட அறிக்கை, ஆன்மிக வழிகாட்டுதல் என்ற போர்வையில் அவர் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தை வெளிப்படுத்தியது.

கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இறந்தோருக்காக ஜெபிக்கும் மரபுடையவர்கள். ஆகவே இவர்களுக்காகவும் தேவ இரக்கத்தை வேண்டலாம். பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகள் அப்படி ஜெபிப்பதில்லை. இறந்தவரை நீதியுள்ள நியாயாதிபதியின் கையில் விட்டுவிடுகின்றன. எந்த மரபில் இருந்தாலும், இறந்தவரிடமிருந்து மன்னிப்பு வேண்டுதலை இனி ஒருபோதும் கேட்க முடியாதவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். நான்காம் கேள்வியில் குறிப்பிட்ட ஒப்புரவு இம்மையில் அவர்களுக்குக் கிடைக்காது. அவரை நம்பி அவர்களை நம்பாமல்போன சபையும் அமைப்பும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாம். கேட்க வேண்டும் என்றும் ஜெபிக்கலாம்.

ஆண்டுக்கணக்கில் ஜெபித்தும் அவர் கொஞ்சமும் மாறவில்லை. எப்போது நிறுத்தலாம்?

இந்த ஜனத்துக்காக விண்ணப்பம்பண்ண வேண்டாம் என்று எரேமியாவிடம் தேவன் சொன்னது உண்டு. அது ஒரு தீர்க்கதரிசிக்கு நேரடியாகக் கிடைத்த கட்டளை. நம் சலிப்பை அப்படிப்பட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சவுலுக்காக எந்தமட்டும் துக்கித்துக்கொண்டிருப்பாய் என்று சாமுவேலைத் தேவன் கேட்டது இன்னும் பொருத்தமானது. துக்கத்தோடு அவர் அங்கேயே நின்றுவிடாமல், புதிய ராஜாவை அபிஷேகம்பண்ண எண்ணெய்க் கொம்பை நிரப்பிக்கொண்டு பெத்லகேமுக்குப் போக வேண்டியிருந்தது. வீழ்ந்த தலைவரின் கதையிலேயே சபையின் முழுக் கவனமும் சிக்கிக்கிடந்தால், புதியவர்களை வளர்க்கும் வேலை நின்றுவிடும். ஆகவே ஜெபத்தைச் சுருக்கலாம். நாள்தோறும் ஜெபித்தவர் வாரம் ஒருமுறை அவர் பெயரைச் சொல்லலாம்.

யூதாவை ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டு, எருசலேமை நாலாமூலை வரையும் இரத்தப்பழியால் நிரப்பிய மனாசே, அசீரியரால் விலங்கிடப்பட்டு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகே தன்னைத் தாழ்த்தினான். தேவன் அவன் கெஞ்சுதலைக் கேட்டார் என்று 2 நாளாகமம் 33 கூறுகிறது. அவன் சிந்தின குற்றமற்ற இரத்தத்தைக் கர்த்தர் மன்னிக்கச் சித்தமில்லாதிருந்தார் என்று 2 இராஜாக்கள் 24 கூறுகிறது. இந்த இரண்டு பகுதிகளும் ஒரே வேதாகமத்தில், ஒரே மனிதனைப் பற்றி எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஜெபிக்க நமக்கு உரிமையில்லை.